மாறாத கிருமி

அந்த ஆய்வுக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் திட்டு வாங்கலாம், ஐஸ்பெட்டி மட்டும் வாங்கமாட்டாள் என்று ஒரு பேச்சு இருந்தது. மழை விடாமல் பிடித்துக்கொண்ட அந்த வாரத்தில் அவளும் வாங்கினாள். அதுவும் எல்லோர் முன்னாலும் வாங்கினாள்.

ஐஸ்பெட்டி என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சிகிச்சை மையங்களில் இருந்து வரும் ரத்தக் குழாய்களைப் பனிக்கட்டிப் பெட்டியில் வாங்கி, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல் வைத்துக்கொண்டு மாடி ஏறுவாள். லிஃப்டில் ஏறமாட்டாள். பாதியில் நின்றுபோனால் பனி உருகிவிடும் என்பாள். அந்த லிஃப்ட் ஒருநாளும் நின்றதில்லை என்று யாராவது சொன்னால், இன்னும் நிற்கவில்லை என்று திருத்துவாள். குழாய்களைத் திறந்து சோதனைக்குத் தயார்செய்வதும் அவள்தான். வேலையில் அவ்வளவு சந்தேகம் பிடித்தவள். கையுறை மாற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அங்கே நடக்கிற வேலை இதுதான். எச்.ஐ.வி. இருப்பவர்கள் தினம் ஒரு மாத்திரை போட்டுவந்தால் கிருமி அடங்கிக் கிடக்கும். மாத்திரை வாங்கிப்போகிறவர்களிலும் சிலருக்குக் கிருமியின் எண்ணிக்கை மறுபடி ஏறும். அவர்களுடைய ரத்தம் இங்கே வரும். கிருமியின் ஜீனைப் பெருக்கி, அதை எழுத்து எழுத்தாகப் படித்து, மருந்திடமிருந்து தப்பிக்க எந்தெந்த இடத்தில் எழுத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். மாற்றியிருந்தால் அந்த மாத்திரை இனி வேலைக்கு ஆகாது, வேறு கொடுக்கவேண்டும். மாற்றம் எதுவும் இல்லாத கிருமிக்கு அங்கே ‘ஒரிஜினல்’ என்று பெயர்.

இதற்கெல்லாம் தலைமை டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கிருமியைப் பற்றி ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம் அது. வீட்டில் அவள் கணவருக்கு இதில் ஒரு நிரந்தரக் கேலி உண்டு. தலைவலி என்றால் எங்கள் வீட்டு டாக்டர் பக்கத்துத் தெரு டாக்டரிடம் அனுப்பிவைப்பாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. எந்த ரத்தம் யாருடையது என்று ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று விதி. அந்த விதியை எழுதியவளே டாக்டரம்மாதான். ஆனால் அந்த வாரம் வந்த குழாய்களில் ஒன்று தன் தம்பியுடையது என்று அவளுக்குத் தெரியும். மையத்து டாக்டரிடம் நயமாகப் பேசி எண்ணைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

தம்பி முடிதிருத்துகிறவன். படிப்பு ஏறவில்லை, கை மட்டும் நன்றாக ஓடியது. பெற்றோர் போனபிறகு அக்கா வீட்டிலேயே இருந்தான். நோய் இருப்பது தெரிந்தபோது அவன் அழுததும், அவள் அழாமல் மையத்துக்குக் கூட்டிப்போனதும் அவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த கதை. அத்தனை நாளும் கிருமி அடங்கியே இருந்தது. இப்போது கொஞ்ச மாதமாக எண்ணிக்கை ஏறுமுகம். சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று நின்றது. காலையில் இருமினான். கிருமி மாறிவிட்டது என்று டாக்டரம்மா தீர்மானமாக இருந்தாள். அடுத்து என்ன மாத்திரை, அதற்கு அடுத்து என்ன என்றுகூட யோசித்துவைத்திருந்தாள்.

முடிவு வந்தது. ஒரிஜினல். ஒரு இடத்திலும் மாற்றம் இல்லை.

கிருமி ஏறியிருந்து ஜீனும் ஒரிஜினலாக வந்தால் அதற்கு என்ன பொருள் என்பது அந்த மாடியில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரியும். மருந்து உடம்புக்குள் போகவில்லை, அவ்வளவுதான். எதிரே யாரும் இல்லாதபோது கிருமி எதற்காக மாறவேண்டும்? கூட்டம் கூட்டமாக டாக்டர்களை உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அன்றைக்கு மட்டும் அது அவள் மண்டையில் ஏறவில்லை. என் தம்பி மாத்திரை போடாமல் இருப்பானா, என் வீட்டில் இருக்கிறவன் ஆயிற்றே என்று ஒரே பிடியாக நின்றாள்.

அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. ஒவ்வொரு தடவையும் நோயாளிகளின் குழாய்களோடு ஆய்வுக்கூடத்துக் குழாய் ஒன்றையும் சேர்த்து ஓட்டுவார்கள். அதில் ஒரிஜினல் கிருமியின் ஜீன் இருக்கும். எந்திரம் சரியாகப் படிக்கிறதா என்று சோதிக்க வைப்பது, கன்ட்ரோல் என்பார்கள். அதில் ஒரு துளி பக்கத்துக் குழாயில் பட்டுவிட்டால் நோயாளியின் கிருமிக்குப் பதில் இதுதான் பெருகும். டாக்டரம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கன்ட்ரோலைத் தொட்ட கையோடு மற்றதைத் தொட்டிருக்கிறீர்கள் என்று ஐஸ்பெட்டியைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“கையுறை மாத்தினேன் டாக்டரம்மா.”

“மாத்தியிருந்தா இது எப்படி இப்படி வரும்?”

டாக்டரம்மா விடவில்லை. வயதாகிவிட்டால் கை நடுங்கத்தான் செய்யும், அதை ஒப்புக்கொண்டு பேசாமல் வேறு வேலைக்குப் போய்விடலாம் என்றாள். ஐஸ்பெட்டி தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டி ஒருமுறை பார்த்துவிட்டு, பிளீச் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேசையைத் துடைக்கப் போனாள்.

ஆய்வுக்கூடம் முழுவதையும் துடைத்தார்கள். பிரித்துவைத்த ரசாயனங்களை எல்லாம் கொட்டினார்கள். துளித்துளியாக உறிஞ்சி விடுகிற பிப்பெட்டுகளைக் கழற்றிக் கழுவினார்கள். ஜன்னலைத் திறக்கக்கூடாது, வெளியே மழை, உள்ளே பிளீச் நெடி, எல்லோருக்கும் கண் எரிந்தது. புதிதாக எல்லாம் கலந்து, டாக்டரம்மா தன் கையாலேயே முதலில் இருந்து செய்தாள். மறுபடியும் ஒரிஜினல்.

அப்போதுதான் அவள் அந்த இரண்டு வரிசையையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கன்ட்ரோல் ஒரு பக்கம், தம்பியுடையது ஒரு பக்கம். மருந்துக்குச் சம்பந்தம் இல்லாத இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்துகள் வேறாக இருந்தன. ஒருவர் கிருமிக்கும் இன்னொருவர் கிருமிக்கும் இருக்கிற சாதாரண வித்தியாசம்தான் அது. கன்ட்ரோல் கலந்திருந்தால் இரண்டும் அச்சாக ஒன்றாக இருக்கும். இது கலப்படம் இல்லை. அவன் உடம்பில் இருந்து வந்த கிருமியேதான். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இந்தச் சோதனையைத்தான். முதல் நாளே பார்த்திருந்தால் பேச்சே எழுந்திருக்காது. பார்க்கத் தோன்றவில்லை. குற்றத்தை எந்திரத்தில் தேடினாள், ரசாயனத்தில் தேடினாள், ஒரு மனுஷியின் கையில் தேடினாள். தன் வீட்டுப் பக்கம் மட்டும் அவள் திரும்பவில்லை.

வீட்டில் என்ன நடந்தது என்றால் இதுதான். அந்த மாத்திரை டப்பா முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கும். இரவு சாப்பிட்டுப் படுக்கப்போகும் முன் தம்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு போவான். ரத்தக் குறைவுக்கு மாத்திரை என்று கணவரிடம் சொல்லிவைத்திருந்தாள். அவர் மருந்து டப்பா எதையும் எடுத்துப் படிக்கிற ஆள் இல்லை. வண்டியும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் நாத்தனார் வந்தாள். மருந்துக்கடையில் வேலை. கடைக்காரர் இந்தப் பக்கம் புதுக்கிளை திறந்து அவளை இங்கே அனுப்பவும், அண்ணன் வீட்டிலேயே தங்கினாள். தம்பியின் அறை அவளுக்குப் போயிற்று. தம்பி கூடத்து சோபாவுக்கு வந்தான். வந்த அன்றைக்குச் சாப்பிடும்போது உப்புக்குக் கை நீட்டியவள், டப்பா தட்டுப்படவும் அதை எடுத்துத் திருப்பினாள். டாக்டரம்மா எழுந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஆய்வுக்கூடத்துச் சாமான் இங்கே எப்படி வந்தது என்று தன்னையே திட்டிக்கொள்வதுபோல் திட்டிக்கொண்டு உள்ளே கொண்டுபோனாள். தம்பி தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு இதை உன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள் என்றாள்.

அந்த மாதமே மையத்தில் புதிய ஆலோசகர்களுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா நன்றாகப் பேசினாள். டப்பாவைக் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஒளித்துவைக்கிறவர்கள் நாளாவட்டத்தில் போடுவதை விட்டுவிடுவார்கள், வெட்கப்பட இதில் எதுவும் இல்லை என்று வீட்டாருக்கும் சொல்லுங்கள் என்றாள். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அப்போது டப்பா ஸ்கூட்டரில் இருந்தது. இதை நினைத்தபோது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்குக் காது மடல் சுட்டது. எழுந்து குடையை எடுத்துக்கொண்டு தம்பி கடைக்குப் போனாள்.

மத்தியானம். மழைக்குக் கடையில் ஆள் இல்லை. ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே படிகாரக் கட்டி, சீப்புகள், பிளேடு பாக்கெட். தம்பி விழுந்துகிடந்த முடியைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் பெஞ்சில் ஒழுகுகிறது என்று சொல்லி நாற்காலியைத் தட்டிக் காட்டினான். அவள் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் அவன் பின்னால் போய் நின்றுகொண்டான். அதனால் இருவரும் பேசியது கண்ணாடி வழியாகத்தான்.

“ரிப்போர்ட் வந்துருச்சாக்கா? என்ன மாத்திரை குடுக்கப்போறாங்க?”

“புதுசா எதுவும் குடுக்க வேண்டியதில்ல. கிருமி மாறவே இல்ல.”

அவன் முகம் மாறியது. உடனே போர்த்துகிற துணியை எடுத்து உதற ஆரம்பித்தான். நடுவில் ஒன்றிரண்டு நாள் விட்டிருக்கும் என்றான். ஒன்றிரண்டு நாள் விட்டால் இப்படி வராது, இப்படி வர வேண்டுமானால் அடியோடு நிறுத்தியிருக்கவேண்டும் என்று அவள் சொன்னாள். அவன் துணியை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கவா? கிருமி மாறிருச்சுன்னே எழுதிக் குடுத்துடேன். உன் கையிலதானே இருக்கு.”

“எதுக்குடா?”

“போடலன்னு போனா மையத்துல ஒரு அம்மா உக்காரவச்சுக் கேப்பாங்க. எங்க வைக்கிற, வீட்டுல யாரு இருக்கா, ஏன் போட முடியலன்னு. நான் என்னன்னு சொல்லுவேன்? அந்தம்மாவுக்கு நீன்னா உசுரு. நீ பேசினதை அப்படியே எங்ககிட்ட சொல்றாங்க.”

டாக்டரம்மா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் படிகாரக் கட்டியைப் பார்த்தாள். அந்தம்மாவை விடு, என்ன ஆச்சு என்று எனக்குச் சொல் என்றாள். அவன் குறைசொல்கிற குரலில் சொல்லவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னான்.

“வண்டி கீழ நிக்குது. ஒண்ண மட்டும் மேல எடுத்துட்டு வரலாம்னா, கூடத்துல எல்லார் கண்ணு முன்னாடியும் எப்படிப் போடுறது. சாப்பிட்டு இறங்கினா வாசல் கேட்டு பூட்டியிருக்கும். சாவி உங்க ரூம் ஆணியில. முதல்லல்லாம் நீங்க கதவைச் சாத்துறதுக்குள்ள வாங்கிட்டுப் போயிடுவேன். ஒருநாள் கடையில கூட்டம், நேரமாயிருச்சு. கதவைத் தட்டினேன். நீதான் தொறந்த. இப்ப எதுக்குடா சாவின்னு கேட்ட. பின்னாடி மாமா உக்காந்திருக்காரு. வண்டியப் பூட்டினேனான்னு சந்தேகமா இருக்குன்னு சொன்னேன்.”

“நானா கேட்டேன்?”

“மறுநாளும் நேரமாயிருச்சு. தட்டினேன். உனக்கு தினம் இதே வேலையாப் போச்சுன்ன. சாவியக் குடுத்துட்ட, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கப்புறம் தட்ட மனசு வரலக்கா.”

அவளுக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் போகிறபோக்கில் சொன்ன வார்த்தையாக இருக்கும். அது எந்த நாள் என்றுகூடத் தெரியாமல், அந்த ஒரு வார்த்தைக்காக ஒருவன் உயிரை விட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

கடையில் வைத்திருக்கலாமே என்று கேட்டாள், கேட்கவேண்டுமே என்று. அவன் சிரித்துவிட்டான்.

“இங்கயா? முகம் கழுவ வர்றவன் எடுத்துப் படிப்பான். அப்புறம் என் பிளேடுக்கு முன்னாடி எவன் கழுத்தக் காட்டுவான்? காலையில வண்டிகிட்டயே நின்னு போட்டுப் பாத்தேன். தலை கிறுகிறுன்னு வருது. கையில கத்தி இருக்குக்கா. ஒரு ஆளோட காதுக்கிட்ட நடுங்கிருச்சு. விட்டுட்டேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா.”

ஒரு ஆள் தலையை நனைத்துக்கொண்டு கடைக்குள் நுழையவே பேச்சு நின்றது. அவள் எழுந்து இடம் விட்டாள். வாசலில் நின்று, இன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன், நீ சரி என்றால்தான் சொல்வேன் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். உன் இஷ்டம்க்கா, நான் ஒளிச்சதே உனக்காகத்தானே என்று அவனும் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, வந்தவருக்குத் துணியைப் போர்த்தினான்.

வெளியே ஸ்கூட்டர் நனைந்துகொண்டு நின்றது. சாவியை வாங்கிச் சீட்டைத் தூக்கினாள். மழைக்கோட்டுக்கு அடியில் டப்பாக்கள் அடுக்காக இருந்தன. மாதம் தவறாமல் மையத்துக்குப் போய் வாங்கிவந்திருக்கிறான். ஒன்றைத் தவிர மற்றதில் மூடியில் ஒட்டின காகிதம்கூடக் கிழியவில்லை. அவள் மையத்து டாக்டருக்கு ஃபோன் போட்டு முடிவைச் சொன்னாள். எண்ணை வாங்கி யாருடையது என்று தெரிந்துவைத்திருந்தது தப்பு என்பதையும் சொன்னாள். அவர், இன்றைக்கே அதே மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள், இப்படி விட்டு விட்டுப் போட்டால்தான் கிருமி நிஜமாகவே மாறும், நாளைக்கு அவரை இங்கே அனுப்புங்கள் என்றார்.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். திட்டியது எல்லோர் முன்னாலும் என்பதால் இதையும் எல்லோர் முன்னாலும்தான் சொல்லவேண்டும் என்று நினைத்து, நின்றபடியே சொன்னாள். கலப்படம் எதுவும் இல்லை, ஐஸ்பெட்டியம்மா கையில் ஒரு குறையும் இல்லை, பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் பேசியது தன் தப்பு, கையைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிக்கவேண்டும். ஐஸ்பெட்டி டீ கிளாசைக் கீழே வைத்தாள். கோபம் இன்னும் போகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

“அப்ப அந்த ஆளு மாத்திரை போடலையா?”

“போடல.”

“பாவம். வீட்டுல கவனிக்க ஒருத்தரும் இல்லபோல.”

இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா சொன்னாள். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். சோறு, பருப்பு, கீரை, அவித்த முட்டை. நாத்தனாருக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்த நாளில் இருந்தே தன் பங்கு முட்டையை அண்ணி தட்டில் வைத்துவிடுவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணி என்பாள், தூங்கினீர்களா என்று தினம் விசாரிப்பாள். இதென்ன நடிப்பு, என்னைக் கைக்குள் போடப் பார்க்கிறாள் என்று டாக்டரம்மா கணவரிடம் எரிச்சல்பட்டிருக்கிறாள்.

டாக்டரம்மா பையில் இருந்து டப்பாவை எடுத்து உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பெயர் தெரிகிற மாதிரி வைத்தாள்.

“இது என் தம்பி மாத்திரை. அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கு. ரத்தக் குறைவுன்னு நான் சொன்னது பொய்.”

கணவரின் கை தட்டிலேயே நின்றது. மனைவியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான், அன்றைக்குப் பிசைந்தது போலவே. எத்தனை நாளாக என்று கணவர் கேட்டார். அவள் சொன்னாள். ஒளித்துவைத்தது, சாவி, கதவைத் தட்டியது, நின்றுபோனது எல்லாம் சொன்னாள். தன்னிடம் சொல்ல என்ன பயம் என்று அவர் கேட்டார். பயம் அவரிடத்தில் இல்லை. கிருமியைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் வீட்டிலேயே கிருமி என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான். அதை அந்த மேசையில் வைத்துச் சொல்ல வாய் வரவில்லை.

நாத்தனார்தான் பேசினாள். டப்பாவைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியமே இல்லை. தம்பியைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“இவருக்கா? நான் வந்த அன்னைக்கே அந்த டப்பாவைப் படிச்சுட்டேன் அண்ணி. கடையில தினம் எடுத்துக் குடுக்குற மாத்திரைதானே. நீங்க பிடுங்கின வேகத்தைப் பாத்து, அது உங்களுக்குன்னு நினைச்சேன்.”

கணவர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணனுக்குக்கூடச் சொல்லல. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நல்லா சாப்பிட்டு, மாத்திரையப் போட்டுட்டு இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும்ல.”

அவள் தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்தாள். கை பழக்கத்தில் அண்ணி பக்கம் போயிற்று. பாதியில் நின்று, திரும்பித் தம்பியின் தட்டில் வைத்தது.

டாக்டரம்மா அந்த முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு மாதமும் ஒருத்தி அண்ணிதான் நோயாளி என்று நினைத்துக்கொண்டே, அண்ணி டம்ளரில் தண்ணீர் குடித்து, அண்ணி தட்டைக் கழுவிவைத்து, முட்டையைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவளிடமிருந்து மறைக்கத்தான் தம்பி சாகக் கிடந்தான்.

கணவர் சாப்பிட்டு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு படுக்கையறைக்குள் போனார். வாசல் கேட்டுச் சாவியைக் கொண்டுவந்து கூடத்தில், சோபாவுக்கு மேலே காலண்டர் மாட்டுகிற ஆணியில் மாட்டினார். “மச்சான், இனிமே எதுக்கும் கதவைத் தட்ட வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். அதில் பாதி தனக்கு என்று டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது.

தம்பி சாப்பிட்டு முடித்தான். முட்டையையும் சாப்பிட்டான். நாத்தனார் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை உள்ளங்கையில் தட்டினான். மூடியை மூடும்போது அவன் கை தானாகவே டப்பாவைச் சுற்றி, பெயர் எழுதின பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. பிறகு அவனும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தோளைக் குறுக்கிக்கொண்டு மாத்திரையை முழுங்கினான்.

இங்கே பார்த்துப் போடுடா என்று சொல்ல டாக்டரம்மா வாயைத் திறந்தாள். அப்படித் திரும்பி நிற்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்பது அந்த மேசையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதுவும் சொல்லாமல் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.